ஈசானி மூலையில் தோண்டாத குழி

நான்கு நாள் முழுக்க ஒரு பெண்ணைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். சோறு வடிக்கும்போது திட்டு, தையல் மெஷினை மிதிக்கும்போது திட்டு, படுத்த பிறகும் திட்டு. அவள் செய்த குற்றம், என் புது வீட்டுக்குக் கரண்ட் கொடுக்க முடியாது என்று சொன்னது. இப்போது அவள் எந்த ஊரில் வேலை பார்க்கிறாளோ தெரியாது. சாயந்திரம் விளக்கேற்றும்போது, எங்கிருந்தாலும் அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை நினைத்துக்கொள்கிறேன். திட்டியது நான்கு நாள், நன்றி சொல்வது ஆறாவது வருடமாக நடக்கிறது.

பாகூர் பக்கம் சின்ன கிராமம் எங்களுடையது. நான் ஜாக்கெட், பாவாடை தைப்பவள். வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு அது. வயரிங் வேலையை என் கொழுந்தனாரே செய்தார். சுற்று வட்டாரத்தில் புது வீடு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர், வாய் மட்டும் கிடையாது. அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்துவிடுவேன்.

மீட்டர் பெட்டி வைக்கும் இடம் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் வந்தது. அதை ஒட்டி எர்த் குழி போட வேண்டும் என்றார் கொழுந்தனார். கரண்ட் எங்காவது கசிந்தால் அது ஆள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் இறங்குவதற்கான குழி. ஆழமாகத் தோண்டி, கம்பி இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி மூட வேண்டும். எனக்கு வந்ததே கோபம்.

"ஈசானி மூலையில உப்பும் கரியும் கொட்டுவியா? வூடு வெளங்குமா? வேற எதுனா பண்ணு தம்பி."

அதே மூலையில்தான் போர் போட்டிருந்தோம். தண்ணீருக்கு அந்த மூலையில் தோண்டினால் விசேஷம், கரிக்குத் தோண்டினால் விபரீதம். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. கொழுந்தனாரும் பேசாமல் எர்த் கம்பியைக் கொண்டுபோய் போர் பைப்பின் கழுத்தில் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டார். அவர் தொழில் பழகிய காலத்தில் அப்படிக் கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறாராம். டவுனில் லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர், வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிரகப்பிரவேசத்துக்கு ஆறு நாள் இருந்தது, பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் கரண்ட் ஆபீஸிலிருந்து பார்க்க வந்தாள் அந்தப் பெண். சின்ன வயசு, ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். அவளுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தேன். வேலை முடியட்டும் என்று அவள் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டாகப் பார்த்துக்கொண்டே வந்து, "எர்த் குழி எங்கக்கா?" என்றாள்.

கொழுந்தனார் போர் பைப்பைக் காட்டினார். மண்ணுக்கு மேலே தெரிந்தது நல்ல கனமான இரும்பு வளைவு. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உள்ள இறக்கியிருக்கிறது இரும்பா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்குதான் மேடம். இரும்பு துருப்பிடிச்சிடும்னு நான்தான் பிளாஸ்டிக்கா போடச் சொன்னேன்" என்றேன் பெருமையாக.

அவள் பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தாள். ஹோல்டரிலிருந்து இரண்டு வயர் தொங்கியது. வீடு கட்டுவதற்காக வாங்கியிருந்த தற்காலிக லைனில் ஒரு முனையையும் நியூட்ரலில் இன்னொரு முனையையும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்த முனையை எடுத்து எர்த் கம்பியில் வைத்தாள். பல்பு எரியவில்லை. திரும்ப வைத்தாள், அப்போதும் எரியவில்லை.

"இந்தக் கம்பி மண்ணைத் தொடவே இல்லக்கா. சும்மா அலங்காரத்துக்குத் தொங்குது. இப்படி இருந்தா நான் கனெக்‌ஷன் குடுக்க முடியாது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவளைத் திட்ட முடியாது, அதிகாரி. பக்கத்தில் கொழுந்தனார் நின்றார். "இன்னா தம்பி வேல பார்த்த நீ? ஆறு நாள்ல விசேஷம், சொந்தபந்தம் எல்லாம் இருட்டுல வந்து சாப்பிட்டுப் போவாங்களா?" என்று மேஸ்திரி, சித்தாள் எல்லாரும் பார்க்க அவரைக் கிழித்தேன்.

அவள் அவரைப் பார்த்து, "ஏங்க குழி போடல?" என்று கேட்டாள்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் மேடம், கவனிக்காம விட்டுட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், அந்த ஒரு இடத்தில் மூடிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சுவரைச் சுற்றி நடந்து பார்த்தாள். "மூலையிலதான் போடணும்னு யாரும் சொல்லல. இந்த வடக்குச் சுவருக்கு நடுவுல, கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க. ஈரம் இருக்கிற இடமா இருந்தா போதும். நாலு நாள் தண்ணி ஊத்துங்க, வந்து பார்க்கறேன். கசிஞ்சா தானா விழுற டிரிப் ஸ்விட்சும் மாட்டிடுங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். கேட்டிருந்தால் முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள். கலரைக் குடிக்காமலேயே கிளம்பினாள். வண்டியை எடுக்கும்போது கொழுந்தனாரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார்.

அன்று சாயந்திரமே குழி தோண்டினார். என் இஸ்திரிப் பெட்டிக்கு வாங்கி வைத்திருந்த கரி மூட்டையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால்தான் அந்தப் பெண்ணை அத்தனை திட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாம் நாள் காலையில் சொன்னபடி வந்தாள். பல்பின் முனையை எர்த்தில் வைத்ததும் முதலில் எரிந்த அதே வெளிச்சத்தில் எரிந்தது. அன்றைக்குக் கலரைக் குடித்தாள். சாயந்திரத்துக்குள் கரண்ட் வந்தது, விசேஷமும் குறையில்லாமல் நடந்தது.

பந்தியெல்லாம் முடிந்த பிறகு கொழுந்தனார் என்னிடம் வந்து உட்கார்ந்தார். சாப்பிடவே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணி, அன்னிக்கி அந்த மேடம் என்ன கேட்டாங்க தெரியுமா? இந்த மாதிரி பைப்புல கட்டுனது இன்னும் எத்தன வூடுன்னு கேட்டாங்க."

"எத்தன?"

"ஒம்போது. எல்லா வூட்லயும் மூலையில குழி வேணாம்னு சொன்னாங்க, நானும் சரின்னு கட்டிட்டேன். சொன்னா இனிமே எவனும் வேலைக்குக் கூப்புட மாட்டான். சொல்லாம வுட்டா…"

இரண்டு பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர். ஊரில் அவருக்கு இருந்த சொத்தே அந்த நல்ல பேர்தான். அதைப் போட்டு உடைக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறார். எனக்காக அன்றைக்குத் தலை குனிந்த மனிதர். "நானும் வர்றேன் தம்பி" என்றேன்.

ஒன்பது வீட்டுக்கும் அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் தப்பைச் சொல்லி முடித்ததும் நான் ஆரம்பிப்பேன். "எங்க வூட்ல குழி வேணாம்னு சொன்னது நான்தான். அதால கரண்ட் இல்லாம நின்னுட்டு இருந்தேன்." அதைக் கேட்டதும் பாதி வீட்டில் கோபம் தணிந்தது. மீதி வீட்டில் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மடுகரையில் ஒருவர் எங்களை வாசலோடு நிறுத்தி, "அப்போ வேல தெரியாமதான் இத்தன வருசம் சுத்திக்கினு இருந்தியா?" என்று கேட்டார். கொழுந்தனார் ஆமாம் என்றார். அந்த மனிதர் அவரே போய் கடப்பாரையை எடுத்து வந்தார்.

எட்டு வீடு முடிந்தது. ஒன்பதாவது வீடு அபிஷேகப்பாக்கத்தில். அங்கே வேறு சிக்கல். மருமகள் ஏழு மாத கர்ப்பிணி. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டு மனையில் மண்வெட்டி படக்கூடாது, பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். ஈசானி மூலைக்காகச் சண்டை போட்ட நான் எந்த முகத்தோடு அவர்களைத் தப்பென்று சொல்வது? திரும்பினோம். வழியில் வயல் ஓரம் வண்டியை நிறுத்தினார் கொழுந்தனார்.

"மூணு மாசம் அப்படியே வுட முடியாது அண்ணி. இன்னிக்கி நைட்டு எனக்குத் தூக்கம் வராது."

திரும்பவும் போனோம். இந்த முறை நான்தான் பேசினேன். "உங்க மனையில தோண்ட வேணாம். பக்கத்து மனையில உங்க பங்காளி மாட்டுக் கொட்டாய் இருக்குதே, அங்க தோண்டிக் கம்பியைச் செவுரு வழியா கொண்டாந்துடலாம். உங்க மண்ண யாரும் தொட மாட்டோம்." பங்காளி சரி என்றார். சாணி ஈரம் ஊறிய மண், அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கொழுந்தனார் சந்தோஷப்பட்டார். டிரிப் ஸ்விட்சையும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாளே அந்த வீட்டிலிருந்து போன். நான் அப்போது கொழுந்தனார் வீட்டில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார். அந்த மருமகள்தான் பேசினாள், நல்ல கோபம்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிட்டுப் போன? வாஷிங் மெஷின் போட்டாலே வூட்ல கரண்ட் போவுது. நீ வர்றதுக்கு முன்ன ஒழுங்காதான் ஓடிக்கினு இருந்தது."

"முன்ன மெஷினத் தொட்டா எதுனா தெரியுமாம்மா?" என்றார்.

"லேசா சுர்ருங்கும். அது ரொம்ப நாளாவே அப்படித்தான். அதுக்குதான் ரப்பர் செருப்பு போட்டுக்கினு துவைப்பேன்."

"மெஷின் பிளக்க உருவிடும்மா. கிட்டப் போவாத. இதோ வர்றேன்" என்றவர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். மெஷினுக்குள் ஒரு வயரை எலி கடித்து, அது தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். எத்தனை நாளாகவோ அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு ஈரத்தரையில் நின்று, ஒரு ஜோடி செருப்பை நம்பித் துவைத்திருக்கிறாள்.

கொழுந்தனாருக்கு வேலை குறையவில்லை. கொஞ்ச நாள் யாரும் கூப்பிடவில்லை என்பது உண்மை. பிறகு அந்த ஒன்பது வீட்டுக்காரர்களே அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள். இப்போது குழிக்கு இடம் காட்டாத வீட்டில் அவர் வயரை அவிழ்ப்பதே இல்லை.

போன வாரம் அந்த அபிஷேகப்பாக்கத்துப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு கவுன் தைக்க வந்தாள். குழந்தைக்கு ஐந்து முடிந்துவிட்டது. ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்ததில் தோள் அளவை மூன்று முறை எடுத்தேன். சும்மா பேச்சுக்கு, "மெஷின் இப்போ எப்படிம்மா ஓடுது?" என்று கேட்டேன்.

"நல்லா ஓடுதுக்கா. இப்போல்லாம் வெறுங்கால்லதான் துவைக்கிறேன். இவளும் கூடவே நின்னு துணி எடுத்துக் குடுப்பா" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நான்காவது முறையாகத் தோளை அளக்கிறவளைப் போலக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன்.