அந்தரத்தில் நின்ற கால்

என் சித்தி மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிறந்திருந்தால் உலகம் இவ்வளவு நீளமாக இருந்திருக்காது. படைத்தவரிடமே போய், "சார், இந்த டைனோசர் பகுதி ரொம்ப இழுக்குது, தூக்கிடலாமா?" என்று கேட்டிருப்பாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் தூக்கியும் இருப்பாள். பனிக்காலத்தைச் சுருக்கி, கடலுக்குக் கொஞ்சம் நீலம் கூட்டி, மனுஷன் நிமிர்ந்து நடந்து வருகிற இடத்தில் ஒரு வயலின் போட்டு, மூன்று நிமிடத்தில் முடித்துக் கையில் கொடுத்திருப்பாள். ஒரே ஒரு சிக்கல். உலகத்தை ஏற்றியதுமே அவளுடைய கம்ப்யூட்டர் ஹேங் ஆகித் தொங்கியிருக்கும்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். தூக்கமும் அங்கேதான், வீடியோ எடிட்டிங்கும் அங்கேதான். ஊரார் கல்யாணம், ஆண்டு விழா, கடைத் திறப்பு எல்லாம் அவள் கத்தரிக்குத் தப்பியதில்லை. வெட்டுவது அவளுக்குத் தொழில் என்பதைவிட வியாதி என்று சொல்லலாம். சாப்பிடும்போது யாராவது கதையை வளர்த்தால் இரண்டு விரலைத் தூக்கிக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டுவாள். அதற்கு மேல் அவர் பேசக் கூடாது.

"அக்காங்கற மரியாதை கொஞ்சமாவது இருக்கா பாரு!" என்பாள் அம்மா.

"அந்த இடம்தான்க்கா ரொம்ப நீளம்."

அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக வெளியே எடுப்பதற்கு எக்ஸ்போர்ட் என்று பேர். அது ஓடும்போது கம்ப்யூட்டர்தான் வேலை செய்யும், இவளுக்கு வேலை இல்லை. ஆனாலும் வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பாள். பேனா மூடியைக் கடிப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் மிக்சி போடக் கூடாது, கதவை அறையக் கூடாது, தும்முவதாக இருந்தால் தெருவுக்குப் போக வேண்டும்.

எல்லாம் ரேம் செய்த வேலை. அவளுடையதில் எட்டு ஜிபிதான் இருந்தது. கல்யாணத்துக்கு அது போதும். பெரிய கேமராவில் எடுத்த காட்சி வந்தால் மூச்சு முட்டும்.

"மெமரி பத்தலைன்னா பழைய போட்டோவை எல்லாம் அழிச்சுத் தொலையேன்" என்றாள் அம்மா.

"அக்கா, போட்டோ இருக்கிறது அலமாரியில. நான் சொல்றது சமையல் மேடை. அலமாரி எவ்வளவு பெருசா இருந்தா என்ன, வச்சு நறுக்க மேடையில இடம் வேணாமா?"

"அலமாரி, மேடை! நீ கம்ப்யூட்டர் வாங்கினியா, வீடு கட்டினியா?"

இப்படியிருக்கும்போதுதான் ஒரு விளம்பரக் கம்பெனி அவளைக் கூப்பிட்டு, மழைக்கோட்டு விளம்பரம் ஒன்றின் காட்சிகளைக் கொடுத்தது. வெட்டி, நிறம் திருத்தி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் என்ன என்பதை அம்மா முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள். இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப் அடிக்க ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இந்தத் தடவை நடக்காவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு அங்கே போய் உட்காருவதாகச் சித்தி வாக்குக் கொடுத்துவிட்டாள். உட்காருவதாம். சித்தி! ஒரு நாற்காலியில்!

விளம்பரத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு குழந்தை ஓடி வந்து மழைத்தண்ணீரில் குதிக்கும். முதலில் காட்சிகளுக்கெல்லாம் சின்னச் சின்ன நகல் எடுத்து, அதை வைத்து வெட்டினாள். அதுவரை ஒழுங்காக ஓடியது. கடைசியில் அசல் காட்சிக்கு நிறம் ஏற்றி எக்ஸ்போர்ட் கொடுத்தபோதுதான் வினை. குழந்தை ஓடி வரும், துள்ளும், கால் தண்ணீரைத் தொடப் போகும். அந்தரத்திலேயே நின்றுவிடும். மறுபடி கொடுத்தாலும் அதே இடம், அதே கால்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சுவார்த்தை முறிந்ததிலிருந்து கைக்கு வேலை கம்மி. தொங்கிப்போன அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து வால்பேப்பராக வைத்தேன். சித்தி வந்து மவுசைத் தட்டினாள், உலுக்கினாள், கெஞ்சினாள். நான் கதவுக்குப் பின்னால் சிரித்துப் புரண்டேன். செருப்பு வந்தது.

"இருடி குட்டிப் பிசாசே! அடுத்த தடவை உன்னைக் கையும் களவுமா பிடிக்கலைன்னா பாரு!"

அன்றிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை, அலமாரித் தட்டில் இருந்த பழைய போனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள். அதன் கண்ணாடி உடைந்திருந்தது. கடிகாரத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமும் கால் அந்தரத்திலேயே நின்றது. சித்தி எழுந்தாள். திட்டவில்லை, எதையும் எறியவில்லை. கீபோர்டைத் துடைத்து, விற்கப் போகிற சாமானை ஒழுங்கு செய்வது மாதிரி நேராக வைத்தாள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"கடைக்குப் போய் ரேம் இருக்கான்னு கேட்டுட்டு வரேன்" என்றாள். தங்களிடம் இல்லை என்று கடைக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனாள்.

என்னிடமும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, கேம் ஆடுவதற்கு. இரண்டையும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கியது, உள்ளே எல்லாம் ஒரே மாதிரி. என்னுடையதில் மட்டும் எட்டு ஜிபி ரேம் பட்டை இரண்டு. இரண்டையும் கழற்றி அவளுடையதில் போட்டேன், அவளுடைய ஒற்றைப் பட்டையை என்னுடையதில் போட்டேன். திருகு முடுக்குவதைவிடச் சுலபமான வேலை. எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஒரு மெக்கானிக் மாதிரி செய்து முடித்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

சித்தி வெறுங்கையோடு திரும்பினாள்.

"உள்ளே ஒரே தூசி. தட்டி வச்சிருக்கேன். இப்ப போட்டுப் பாரு" என்றேன்.

"தூசி தட்டினா ரேம் முளைக்குமாடி?" என்று முனகியபடியே எக்ஸ்போர்ட் கொடுத்தாள். வாசல், மேசை, வாசல், மேசை. குழந்தை ஓடி வந்தது. துள்ளியது. சித்தி நடப்பதை நிறுத்திவிட்டாள். கால் இறங்கியது. திரை முழுக்கத் தண்ணீர் தெறித்தது. "அக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"பாத்தியா, கம்ப்யூட்டர் தானா திருந்திடுச்சு" என்றேன். சித்தி "ம்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேலையில் சேரச் சொன்னார்கள். பேசி முடிக்கும்வரை சித்தி தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டே இருந்தாள். அம்மா இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போன் செய்து, எங்கள் வீட்டில் உட்காருகிற ஆள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாள். நான் கேமைத் திறந்தேன். என் கார் வளைவில் திரும்பப் போய் அந்தரத்திலேயே நின்றது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏய், இங்க வா. ஒண்ணு எடிட் பண்ணியிருக்கேன், எப்படி இருக்குன்னு சொல்லு" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

போனேன். திரையில் முன்னறை, அலமாரித் தட்டின் உயரத்திலிருந்து எடுத்தது. தரையில் ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரேம் பட்டையைத் தன் சட்டைக் கையால் துடைக்கிறாள். கறுப்பு வெள்ளை. மெதுவான ஓட்டம். வயலின் வேறு. அவள் அந்தப் பட்டையைப் பார்த்து ஏதோ பேசுகிறாள். சித்தி ஒலியைக் கூட்டினாள்.

"போய் ஒழுங்கா வேலை பாரு. என் மானத்தை வாங்கிடாத."

"இது யாரு?" என்றாள் சித்தி.

"நான் இல்ல. மூஞ்சியே சரியா தெரியல. அதுவும் நீ எடிட்டர், எதை வேணா எப்படி வேணா ஒட்டுவே. நான் அன்னைக்குத் தூசிதான் தட்டினேன், வேணும்னா அம்மாவைக் கேளு, அம்மா அப்ப சமையல்..."

சித்தி இரண்டு விரலைத் தூக்கினாள். நான் நிறுத்தினேன்.

"வெட்டாத முழு வீடியோவும் வச்சிருக்கேன்" என்றாள். "நீ மூக்கைச் சிந்தி அழுவுற இடம் அதுலதான் வருது. போடட்டுமா?"