நெற்றியில் எழுதிய நேரம்

அற்புதராணிக்கு நாற்பத்தாறு வயது. குருநகர்க் கரையில் நண்டு வாங்கும் வாடியொன்றில், ஓலைக் கொட்டிலுக்குள், நண்டு தரம் பிரிக்கிறாள். பன்னிரண்டு வருடங்களாக அங்கேதான். அதற்கு முன்பு என்ன செய்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

மாசி மாதம் ஒரு காலை, படகை இறக்கும்போது மீனவர் கிறகோரி வழுக்கி விழுந்தார். எஞ்சின் விசிறி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கிழித்தது. ஆட்கள் உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து வைத்து அமத்தினார்கள், இரத்தம் நிற்கவில்லை. அற்புதராணி எழுந்து வந்தாள். ஒருவரின் தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தொடையில் கட்டி, தடியொன்றைச் செருகி முறுக்கினாள்.

"தளர்த்து பிள்ளை, உயிர் போகுது!" என்று கிறகோரி கத்தினார்.

"தளர்த்தினால்தான் போகும், அண்ணை."

பற்றுச்சீட்டு எழுதும் பேனாவால் அவர் நெற்றியில் 7.40 என்று எழுதினாள். "கட்டின நேரம் இது. டொக்டர் பார்த்து அவிழ்க்கட்டும். வேறை ஒருத்தரும் தொடாதேங்கோ."

அவரை ஏற்றிய ஓட்டோ போனதும் கையைக் கழுவிவிட்டு மறுபடி நண்டுக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் கிறகோரியின் மனைவி லூர்த்தம்மா வந்தாள்.

"காலை வெட்டி எடுக்கேல்லை, ராணி. நேரம் எழுதினது ஆரெண்டு டொக்டர் கேட்டவர். இதை எங்கை பழகினனீ?"

"சண்டைக்குள்ளை. காயக்காரரைப் பார்க்கிற இடத்திலை."

இயக்கத்தின் கள மருத்துவமனையில் அவள் எட்டு வருடங்கள் இருந்தாள். தொடக்கத்தில் மருத்துவர்கள் இருந்தார்கள். இரத்தமும் மயக்க மருந்தும் இருந்தன. காயப்பட்டவர் ஒரு மணித்தியாலத்தில் அறுவை மேசைக்கு வந்துவிடுவார். பலர் நடந்து போனார்கள். கடைசி மாதங்களில் மேசை ஒரு மரத்தடிக்கு வந்தது. அவள் கட்டுவாள், நெற்றியில் நேரம் எழுதுவாள், வரிசையில் கிடத்துவாள். முறை வர ஏழு, எட்டு மணித்தியாலம் ஆகும். அதற்குள் கால் செத்துவிடும். மயக்க மருந்தைப் பாதியாகக் குறைத்து வெட்டுவார்கள். அவள் தோளை அமத்திப் பிடிப்பாள். அந்தக் கடைசிச் சித்திரையில் நேரம் எழுதுவதை விட்டுவிட்டாள். பார்ப்பதற்கு ஆளில்லை.

"கனபேரைக் காப்பாத்தியிருப்பாய்" என்றாள் லூர்த்தம்மா.

"தெரியாது அக்கா. கட்டினது மட்டும்தான் தெரியும்."

லூர்த்தம்மா அவள் கையைப் பிடித்து அழுதாள். தனக்கும் அழுகை வருமென்று அற்புதராணி கொஞ்சநேரம் பார்த்தாள். வரவில்லை.

வைகாசியில் கிறகோரி ஊன்றுகோலோடு கரைக்கு வந்தார். "ரெண்டு கால்விரல் விறைச்சுக் கிடக்குது, பிள்ளை."

அவள் குந்தியிருந்து ஒவ்வொரு விரலாக நகத்தால் அழுத்தினாள்.

"இது தெரியுதோ?"

"ஓம்."

"இது?"

"இல்லை."

"கிளினிக்கிலை சொல்லுங்கோ" என்று எழுந்தாள். அடுத்த படகு நண்டு வந்திருந்தது.