என் கடிகாரம் அவர் கையில்

துபாயில் வேலை செய்யும் மகள் இந்தக் கடிகாரத்தை என் கையில் மாட்டிவிட்டு, "இது ஸ்போர்ட்ஸ் மாடல்மா" என்றாள். பலாங்கொடை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிற எனக்கு ஓட்டம் என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம்தான். இருந்தாலும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு மூலைச் சட்டம், அதற்குள் கருநீல முகம், சட்டத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் வழிந்து இறங்கும் எஃகுப் பட்டை. பார்த்ததுமே மனசு அதில் விழுந்துவிட்டது.

"ஆம்பள வாச்ச எதுக்குடி அம்மாவுக்குக் கொண்டாந்த?" என்றார் என் வீட்டுக்காரர். அதில் எவ்வளவு பொறாமை என்று எனக்கல்லவா தெரியும்!

"அம்மாவுக்குத்தான் சின்ன முகம் வச்ச வாச்சுல மணி தெரியாதேப்பா."

அவர் அதைக் கழற்றச் சொல்லி வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று ஆடியது. கையை ஆட்டினால் அந்தத் தகடு சுற்றும், அது சுற்றினால் கடிகாரம் ஓடும், பெட்டரி கிடையாது, சும்மா வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், அப்போது பக்கவாட்டுத் திருகைத் தளர்த்திச் சாவி கொடுக்கலாம் என்றெல்லாம் மகள் விளக்கினாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நானோ அதைத் திரும்ப வாங்கி மாட்டி, கண்ணாடி முன்னால் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் மாட்டும்போது சில்லென்று இருக்கும், கடை திறப்பதற்குள் என் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அந்தக் கனம் எனக்குப் பிடிக்கும். வேலைக்குக் கட்டும் நைலெக்ஸ் சேலைக்கும் கல்யாணப் பட்டுக்கும் ஒரேமாதிரி பொருந்தும். பக்கத்துக் கடையில் உட்காரும் மாணிக்கக்கல் தரகர், கல்லைப் பார்க்கிற டோர்ச்சை அதன் மேல் அடித்துப் பார்த்து, "மேக்க ஒரிஜினல்த, நோனா?" என்றார். அசலா என்று கேட்டால் என்ன சொல்வது? "என் மகள் அசல், அது போதும்" என்று சிங்களத்தில் சொன்னேன். துணி அளக்கும் இரும்புக் கோல் பட்டு முதல் கீறல் விழுந்த அன்று மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாண வீடுகளுக்கு அவர் இரவல் கேட்பார். நான் கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் கொடுப்பேன்.

போன தீபாவளி முடிந்து ஒரு காலையில், தேத்தண்ணிக் கோப்பை அவர் வலது கையிலிருந்து விழுந்து உடைந்தது. பாரிசவாதம் வலது பக்கத்தை இழுத்துவிட்டது. கால் திரும்பி வந்தது. பேச்சு என்னைத் திட்டுகிற அளவுக்கு நன்றாகவே வந்தது. கை மட்டும் வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த காலமெல்லாம் வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பதம் சொன்ன கை அது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் சிங்களப் பிள்ளை ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அங்கிள், ததின் அல்லன்ன" என்று இறுக்கிப் பிடிக்கச் சொல்லும். விரல்கள் மடங்கவே மடங்காது. இப்போது முயற்சி செய்யாவிட்டால் அப்படியே விறைத்துப்போகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அந்தப் பிள்ளை. அவரோ பந்தைக் கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார். "நான் என்ன சின்னப் புள்ளையா?"

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் என் கடிகாரத்தைக் கழற்றி அந்த வலது கையிலேயே மாட்டினேன்.

"இந்தாங்க. கைய ஆட்டி ஓட வச்சீங்கன்னா உங்களுக்கு. நின்னுச்சு, எனக்கு."

"நெசமாவா புள்ள?"

இரண்டாம் நாளே நின்றது. கழற்றிக்கொண்டேன். அவர் கோபத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள், இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவரே கையை நீட்டினார். அதற்குப் பிறகு கடிகாரம் நிற்கவேயில்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. எப்போது பார்த்தாலும் அந்தக் கை மடியில் துவாய் மாதிரி கிடக்கிறது, கடிகாரமோ ஜோராக ஓடுகிறது.

ஒரு மத்தியானம் மழை கட்டிக்கொண்டு வந்தது. குடை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே வந்ததும் நின்றுவிட்டேன். உள்ளே அவர் இடது கையால் பட்டையைத் திறந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அட கள்ளா, சாவி கொடுக்கிற வேலையா! உள்ளே போய் நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தத் திருகு தண்ணீர் புகாதபடி இறுக்கி மூடுகிற வகை. ஒரு கை கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை திருக வேண்டும். அவர் அதை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பார்த்தார். வழுக்கியது. பிறகு எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். நெற்றியில் நரம்பு தெரிந்தது. பெருவிரல் அசைந்தது. மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக, நடுங்கி நடுங்கி, என் கடிகாரத்தைச் சுற்றி மூடிக்கொண்டன. இடது கை திருகியது. பிடித்த கை விடவில்லை.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். குடையை எடுக்காமலே கடைக்குத் திரும்பினேன். தொப்பலாக நனைந்து போனவளைப் பார்த்துத் தரகர் சிரித்தார். சிரிக்கட்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கடிகாரத்தை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"பாத்தியா, இன்னும் ஓடுது. நாள் முழுக்க ஆட்டுனேன். இனி இது என்னோடதுதானே?"

"அதெப்படிங்க?" என்றேன். பட்டையை அவர் கையில் சரிசெய்துவிட்டேன். "நாளைக்கும் ஓடணும்."