மீன் வானின் கறுப்பு வயர்

வாப்பா மீன் ஏற்றும் வானை ஸ்டார்ட் பண்ணியதும் ஸ்டீரியோவில் பிரயாண துஆவைப் போடுவார். அது ஓதி முடிந்த பிறகுதான் தெருவில் இறங்குவார். அந்தக் கிழமை இரண்டு நாள் துஆ பாதியில் நின்றுபோனது. இந்தப் பயணம் நமக்கில்லை என்று மீன் ஏற்றப் போகாமலே வீட்டுக்குள் வந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வாகன மின்னியலில் சான்றிதழ் எடுத்திருந்தேன். அக்கரைப்பற்றில் ஒரு கராஜில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் இதைத் திருத்து, வேலையைப் பிறகு கதைப்போம் என்றார் வாப்பா.

டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாக்கப் படுத்தேன். வெக்கையும் மீன் நாற்றமும். அபாயாவின் ஓரம் சீட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கதவை மறித்தபடி ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், நின்றார்.

"சட்டம் போட்டு மாட்டின சேர்ட்டிபிக்கட்டக் கொண்டுவந்து காட்டுங்க மச்சி, ஸ்டீரியோ பயந்து பாடும்."

ஃபியூஸ் எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன், ஸ்டீரியோவுக்குப் பன்னிரண்டு வோல்ட் வந்தது. சத்தத்தைக் கூட்டினால் எட்டுக்கு இறங்கி அணைந்தது. மீட்டரின் கறுப்பு முனையை எர்த் வயரிலிருந்து எடுத்து வானின் வெறும் இரும்பில் வைத்தேன். சத்தத்தைக் கூட்டியும் வோல்ட் இறங்கவில்லை. அப்படியென்றால் கரண்ட் திரும்பிப் போகும் எர்த்தில்தான் பிழை.

கறுப்பு வயரைத் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே, கால்மிதிக்கு அடியில் ஒரு நட்டில் முடிந்தது. தொட்டதும் துரு உதிர்ந்தது. மீன் பெட்டிகளின் ஐஸ் தண்ணீர் வந்து தேங்கும் இடம். படிக்கும் காலத்தில், வயர் வெளியே தெரியக்கூடாது என்று அதை அங்கே கட்டியவள் நான்தான்.

வெளியே வராமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். வான் பழசு என்று சொன்னால் நம்பிவிடுவார்கள். கராஜ் வேலையும் கைவிட்டுப் போகாது.

வயரை மேலே, ஈரம் படாத இரும்பைச் சுரண்டி அதில் கட்டினேன். எழும்பி, "நான் கட்டின இடம்தான் பிழை வாப்பா," என்றேன்.

மச்சான் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டி, துஆ முடியும்வரை கேட்டார். பிறகு வானின் கூரையைத் தட்டினார்.

"பிழைய ஒளிக்காமச் சொல்றாய். நீ போனா இத ஆரு, மகள், பாக்கிற?"

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவர் சரியென்று தலையாட்டி, மீன் ஏற்றப் போகக் கியரைப் போட்டார். சீட்டுக் கம்பியில் மாட்டிய அபாயாவை அப்போதுதான் இழுத்தெடுத்தேன், ஓரம் கிழிந்திருந்தது.