மாசிடோனியாவிலிருந்து அல்சூர் ஏரி வரை

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, காக்ஸ் டவுனில் செல்வின் வீட்டு வாசலிலிருந்து நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்கினோம். அல்சூர் ஏரி வரை மூன்று கிலோமீட்டருக்குள்தான். இதற்காகவா சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறுகிறீர்கள் என்று என் மனைவி சிரித்தாள். இதற்காக மட்டும் இல்லை. தன் மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கும் செல்வினுக்கு ஆஸ்திரேலிய விசா வந்துவிட்டது. அங்கே இருக்கும் மகளோடு போய் இருந்துவிடப் போவதாகப் பேச்சு. போகாதே என்று சொல்லத்தான் போனேன். போனில் அது வாயில் வரவில்லை.

ஆறாம் வகுப்பில் அலெக்சாந்தர் பாடம் நடத்திய வருஷம், செல்வின் எங்கள் ஏரியாவையே உலகமாக்கிவிட்டான். அவன் வீடு மாசிடோனியா. தகப்பன் கொலையுண்டு இருபது வயதில் அரசனானான் அலெக்சாந்தர். இவனோ தகப்பன் மதியம் தூங்கும்போதே அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உலகை ஜெயிக்கக் கிளம்பினான். மொத்தப் படையும் நான் ஒருவன்தான், பின்னால் கேரியரில்.

ரயில் கேட்டைத் தாண்டினால் ஆசியா. கேட் மூடியிருந்தால் ஆசியா காத்திருக்கும். இப்போது மேம்பாலம் வந்துவிட்டது. நடப்பவர்களுக்கு ஓரத்தில் இடம் குறைவு, பார்த்துப் போங்கள்.

மார்க்கெட்தான் பாரசீகம். பழக்கடைக்காரர் தாரியஸ். சரித்திரத்தில் இரண்டு போர்க்களத்திலும் தப்பி ஓடியவன் தாரியஸ். காக்ஸ் டவுனில் ஓடியது நாங்கள், கையில் கொய்யாவோடு. அதே கடையில் இப்போது அவர் மகள் இருக்கிறார்.

"அப்பாவா? அவர் போயி ரொம்ப வருஷம் ஆச்சுண்ணா. என்ன வேணும், சொல்லுங்க."

அரைக் கிலோ கொய்யா நாற்பது ரூபாய். செல்வின் பேரம் பேசாமல் கொடுத்தான்.

அசாயே ரோடு எங்கள் இந்துகுஷ் மலை. சிறு வயதில் ஒரே மிதியில் போன ரோட்டில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நின்றான்.

"இந்த மலைய தாண்டினப்போ அவனுக்கு முட்டி வலிச்சிருக்காதாடா?"

"அவனுக்கு முப்பது வயசுகூட ஆகல. உனக்கு அறுபத்தொண்ணு. சும்மா நட."

சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

ஏரிக்கரை எங்களுக்கு பியாஸ் நதி. அங்கேதான் அலெக்சாந்தரின் படை இனி ஓர் அடி வைக்க மாட்டோம், வீட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றுவிட்டது. அவன் மூன்று நாள் கூடாரத்துக்குள் முறுக்கிக்கொண்டு இருந்தான். பிறகு இறங்கி வந்தான். நாங்களும் எப்போதும் இங்கிருந்துதான் திரும்புவோம், எனக்குப் பசிக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாவைப் பிட்டுக் கொடுத்தபோது சொல்லிவிட்டேன். "போகாதடா."

செல்வின் தன் பங்கை மென்றுகொண்டே சொன்னான்.

"நாலு மாசமா இத யாராவது சொல்வாங்கன்னு பாத்துட்டிருந்தேன் மச்சி. நீகூட 'நல்லபடியா போயிட்டு வா'ன்னுதான் சொன்னே. நேத்து சாயங்காலம் டிக்கெட் போட்டுட்டேன்."

என் கையிலிருந்த பாதிப் பழத்தையும் அவனே வாங்கிச் சாப்பிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் வண்டித் தொந்தரவு இல்லை. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் ஆனது. கூட வருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்காதீர்கள். போனிலேயே சொல்லிவிடுங்கள்.