எல்லோரையும் அழைத்த முத்துலட்சுமி அக்கா

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, வண்ணார்பேட்டையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது முருகனிடமிருந்து அழைப்பு வந்தது. முத்துலட்சுமி அக்காவின் தம்பி அவர். "அண்ணே, அக்கா போயிட்டா. விடியும்போது மூச்சு நின்னுட்டு" என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். இருந்தாலும் வந்த பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

அக்கா விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகள். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதிய நிரல்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். நான் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவன். ஆண்டுதோறும் எங்கள் ஊரில் ஹேக்கத்தான் நடக்கும். இரண்டு நாள் ஒரே இடத்தில் கூடி, குழுக்களாகச் செயலி உருவாக்கிக் காட்டும் போட்டி. அதற்கு ஆள் சேர்ப்பதை அக்கா யாரும் கேட்காமலேயே தன் வேலையாக்கிக்கொண்டார். கல்லூரி, ஜெராக்ஸ் கடை, பயிற்சி மையம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கைப்பேசி எண் கிடைத்த அத்தனை பேருக்கும் குரல் செய்தி அனுப்புவார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். "எனக்குச் செயலியில பட்டன் நிறம் மாத்த மட்டுந்தான் தெரியும்க்கா" என்றேன்.

"அப்போ வந்து நிறத்தை மாத்து தம்பி. மத்தத மத்தவங்க பாப்பாங்க. எல்லாம் தெரிஞ்சவங்க மட்டும் வரணும்னா அதுக்குப் பேரு பரீட்சைலா?"

போனேன். நிறம் மாற்றத்தான் போனேன், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு திரும்பினேன். மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பாத்திமாவையும் அவர் அப்படித்தான் அழைத்துவந்தார்.

வெற்றிலையோ புகையிலையோ தொட்டறியாத அக்காவுக்கு நாக்கில் புற்று வந்தது. பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். புண் ஆறி அலுவலகத்துக்கு வந்த அன்றே மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "இது வாடிக்கையாளர்கிட்டப் பேச வேண்டிய வேலைம்மா. உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். மறுநாள் அவருடைய அடையாள அட்டையைக் காட்டியும் அலுவலகக் கதவு திறக்கவில்லை. யாராவது உள்ளிருந்து திறப்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் ஊருக்குப் பேருந்து ஏறினார்.

அதற்கடுத்த ஹேக்கத்தானில் அக்கா, பாத்திமா, நான் மூவரும் ஒரே குழுவாகச் சேர்ந்தோம். அக்கா தட்டச்சு செய்வதை அவருடைய பழைய குரலிலேயே பேசும் செயலிதான் எங்கள் திட்டம். அதற்கு அவர் குரல் வேண்டும். அவர் செய்தி அனுப்பிய ஒவ்வொருவரையும் கேட்டோம். "எல்லாருக்கும் அனுப்புற மெசேஜ்தானேன்னு அன்னைக்கே அழிச்சிட்டேன்" என்றார்கள். கிடைத்தவை கொஞ்சம். அவற்றிலும் இருந்தவை அழைப்புச் சொற்களே: வாங்க, சேருங்க, பயப்படாதீங்க.

மேடையில் அக்கா முதலில் "எல்லாரும் வாங்க" என்று தட்டினார். அவர் குரல் அப்படியே வந்தது. தலைமை நடுவர், "வேற ஏதாவது பேசச் சொல்லுங்க" என்றார். அக்கா "தொண்டை வலிக்கு, தண்ணி வேணும்" என்று தட்டினார். அந்தச் சொற்கள் எந்தப் பதிவிலும் இல்லை. கைப்பேசி கரகரத்துக் கீச்சிட்டது. சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்ட, சிரிப்பு இன்னும் கூடியது. அக்கா மறுபடி அதையே தட்டினார். கைப்பேசியை வாங்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு மூன்றாம் முறையும் தட்டினார்.

"இதெல்லாம் கத்துக்குட்டி வேலை. கண்டவங்களையும் உள்ள விட்டா இப்படித்தான்" என்றார் நடுவர்.

"கத்துக்குட்டிகளைத்தான் நான் வரச் சொன்னேன்" என்று தட்டி, திரையை அவர் பக்கம் நீட்டினார் அக்கா. அவர் அதைப் படிக்காமலே அடுத்த குழுவை அழைத்தார்.

திரும்பும் பேருந்தில் அக்கா என்னிடம் காட்டிய வரி: "ரெண்டாவது தடவை சத்தம் கொஞ்சம் தெளிஞ்சு வந்துச்சு, கவனிச்சியா?"

புற்று திரும்பி வந்தது. இந்த ஆண்டு ஹேக்கத்தானுக்கு நுழைவுத் தேர்வு என்று அறிவித்தார்கள். நான் தேறினேன், பாத்திமா தேறவில்லை. இதை வேறு யாரும் சொல்லக் கூடாது என்று அவரே மருத்துவமனைக்குப் போய் அக்காவிடம் சொன்னார். நானும் உடனிருந்தேன். வலது கையில் ஊசி ஏற்றியிருந்ததால், அக்கா இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: "அடுத்த தடவை."

"அப்போ நீங்க இருப்பீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார் பாத்திமா.

அக்கா அவரை நேராகப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். பாத்திமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

துக்க வீட்டுக்கு அதே நடுவர் மலர்வளையத்தோடு வந்தார். ஹேக்கத்தான் தொடக்க விழாவில் போட அக்காவின் குரல் பதிவு ஒன்று வேண்டும் என்று முருகனிடம் கேட்டார்.

"மேடையில அவ தண்ணி கேட்டப்ப சிரிச்சியளாம்லா. இப்ப எதுக்குக் கேக்கிய?" என்றார் முருகன். அதன்பின் முருகன் நடுவர் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மாலை தாமிரபரணிக் கரையில் அக்காவை எரித்தோம்.

காரியம் முடிந்த வாரத்திலேயே ஹேக்கத்தான் தொடங்கியது. குரல் கிடைக்காததால் படத்தை வைத்திருந்தார்கள். அரங்க வளாகத்தின் வெளிவாசலில் ஆளுயரப் பதாகை, அதில் அக்கா சிரிக்கிறார், கீழே "எங்கள் வழிகாட்டி" என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று பாத்திமாவும் வந்திருந்தார். தேறியிருந்தும் நான் உள்ளே போகவில்லை. படத்தின் முன்னால் நின்ற எங்களிடம் காவலாளி வந்து, "அனுமதி இல்லாதவங்க தள்ளி நில்லுங்க, நடுவர் காரு வருது" என்றார்.

தள்ளி நின்றோம். கார் உள்ளே போனது. கதவைச் சாத்தினார்கள். நீங்கள் வெளிப்பக்கம்தான் இருந்தீர்கள் அக்கா, எங்களோடு வெயிலில். போய் வாருங்கள்.