வீடியோவில் கேட்காத சத்தம்

திருப்பதி ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, பழவேற்காட்டு மீன்கள் வளரும் உவர்நீர்த் தொட்டியை மகள் என்னிடம்தான் விட்டுப்போனாள்.

"நைனா, காத்து மோட்டாரை மட்டும் நிறுத்தாத. உப்புத்தண்ணியில காத்து சீக்கிரம் கொறஞ்சிடும்."

எனக்கோ அதன் கொரகொரப்பில் மதியத் தூக்கம் வரவில்லை. நிறுத்திவிட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துத் தீனி போட்டேன். "பாரும்மா, என்னைப் பாத்ததும் எப்டி வாயைத் தொறக்குதுங்க!" என்று சிரித்தபடி வீடியோ எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"நைனா, மோட்டார் சத்தமே கேக்கலையே! அதுங்க மூச்சுக்குத் தவிச்சிக்கினு கீதுங்க!"

ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் எல்லாமே செத்து மிதந்தன.

அந்த வீடியோவை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது.